ஒருமுறை நசிந்த கஸ்கட்

புதுச் சட்டைக்குப் பழைய கொளுக்கி தைக்கிற தையற்காரியை நான் வேறெங்கும் கண்டதில்லை. பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் சனம் கடை போட்டிருக்கிற லா சப்பலில் ஒரு சாறிக்கடையின் பின்பக்கம், துணி உருளைகளுக்கு நடுவே மெசினைப் போட்டுக்கொண்டு இருந்தாள். சாறிச் சட்டை தைக்கப் போகிறவர்களிடம் புதுத் துணியை வாங்கி மடித்து வைத்துவிட்டு, "பழைய சட்டை ஒண்டும் கொண்டு வாங்கோ," என்பாள். அளவெடுக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அளவும் எடுப்பாள். பிறகு அந்தப் பழைய சட்டையில் இருந்து ஒரு கொளுக்கியைக் கழற்றிப் புதுச் சட்டையில் முதலாவதாக வைத்துத் தைத்துவிடுவாள்.

என் மனிசி ஒரு கலியாணவீட்டுக்குச் சட்டை தைப்பித்து, வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் பத்திரகாளியாகிவிட்டாள். "பொன் நிறத் துணியிலை கறள் பிடிச்ச கொளுக்கி! விசரியோ அவள்?" என்று என்னையும் இழுத்துக்கொண்டு சண்டைக்குப் போனாள். தையற்காரி கோபிக்கவில்லை. வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னாள்:

"அக்கா, புதுசுக்கு ஆளைத் தெரியாது. பழசு ஒண்டு கூட இருந்தால்தான் ஆளைச் சொல்லிக் குடுக்கும்."

மனிசி சட்டையைத் திரும்ப மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். கலியாணவீட்டில் அந்தச் சட்டை வருஷக்கணக்காகப் போட்ட சட்டைபோல உடம்போடு இருந்தது என்று பிறகு அவளே சொன்னாள். நான் நம்பவில்லை. நான் மெக்கானிக். அதே தெருவில், பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருக்கிற முற்றத்தில் மோட்டார்சைக்கிள் திருத்துகிறவன். நட்டும் போல்ட்டும்தான் எனக்கு வேதம். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அவளைப் பற்றி எழுத என்னைவிடப் பொறுமையான ஆட்கள் இருப்பார்கள், ஆனால் அவளை அவளுடைய கஷ்டகாலத்தில் கிட்ட நின்று பார்த்தவன் நான்தான்.

அது கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுத்துவிடுகிற கை. ஆனால் எந்தப் புதுச் சாமான் வீட்டுக்குள் வந்தாலும் பழையதில் ஒன்றை அதில் பூட்டியே ஆகவேண்டும். புதுக் கேத்தலுக்குப் பழைய கேத்தலின் மூடி. புதுக் குடைக்குப் பழைய குடையின் பிடி. மூக்குக்கண்ணாடி உடைந்தபோது புதுச் சட்டத்துக்குள் பழைய கண்ணாடியைப் போட்டுத் தரச்சொல்லிக் கடைக்கார வெள்ளைக்காரியோடு அரை நாள் மல்லுக்கு நின்றாள். வெள்ளைக்காரி, பார்வை மாறிவிட்டது என்கிறாள், இவள் "நான் பாக்கிறது மாறேல்லை" என்கிறாள். கடைசியில் பழைய கண்ணாடியின் அளவுக்கு ஒரு சட்டம் தேடியெடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தாள். தலையிடி வராதோ என்று கேட்டேன். வரும்தான் என்றாள்.

அவளுடைய புருஷனை எனக்கு அவளுக்கு முன்பே தெரியும். ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் வேலை. கடைசி மெத்ரோ ரயில் போனபிறகுதான் வேலை முடிகிறது என்று வந்து நின்றான். கைமாறிய மோட்டார்சைக்கிள் ஒன்றை நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். அந்த நாளில் அவன் வாயைத் திறந்தால் விசாக் கதைதான். ஊரில் ஒருத்தி இவனுக்கென்று பேசிவைத்துக் காத்திருக்கிறாள், இன்றைக்குக் கிடைக்கும், நாளைக்குக் கிடைக்கும் என்று வருஷங்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் வரும்போது இந்த வண்டியில்தான் விமானநிலையம் போய் ஏற்றிவரவேண்டும் என்று பிடிவாதம். "பெட்டியளை என்ன தலையிலை வைப்பியோ?" என்று நான் பகிடி பண்ணுவேன்.

அந்த வண்டியில் ஒரு குறை இருந்தது. என்ஜினில் இருந்து புகை வெளியே வருகிற வாயும் சைலன்சர்க் குழாயும் சேர்கிற இடத்தில் ஒரு செப்பு வளையம் இருக்கும். கஸ்கட் என்போம். இறுக்கும்போது அது நசிந்து இடைவெளியை அடைக்கும். ஒருமுறை நசிந்ததைத் திரும்பப் போடக்கூடாது, போட்டால் புகை கசியும். முன்பு வைத்திருந்தவன் பழையதையே திரும்பப் போட்டிருந்தான். வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் வண்டி "பொட், பொட்" என்று முழங்கும். "எயாபோட்டுக்குப் போக முந்தி மாத்தோணும் அண்ணை. இந்தச் சத்தத்தோடை அவவைக் கூட்டிக்கொண்டு வரேலாது," என்பான். கடைசியில் அவள் வந்த நாளில் ஒரு கூட்டாளியின் காரில் போனான். கஸ்கட் அப்படியே கிடந்தது.

பிறகு ஒருநாள் மாற்றுவோம் என்று நான் நட்டுக் கழற்றுகிற சாவியைக் கையில் எடுத்ததுதான் தாமதம், அவள் கடையில் இருந்து கழுத்தில் அளவுநாடாவோடு ஓடிவந்தாள்.

"அண்ணை, அதைத் தொடாதேங்கோ! இவர் பின்னேரம் மூலையிலை திரும்பேக்கை அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கிறனான்."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். குசினி வேலைக்காரருக்கு மத்தியானத்துக்கும் இரவுக்கும் இடையில் கொஞ்ச நேரம் ஓய்வு உண்டு. அந்த நேரத்தில் அவன் வீட்டுக்கு வந்து அவளோடு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவான். பிள்ளையில்லை. அந்தத் தேத்தண்ணிதான் அவர்களுடைய குடும்பம் என்று எனக்குப் படும்.

ஒரு மழைநாளில், போர்த் து லா சப்பல் சந்திப் பக்கம், சாமான் ஏற்றுகிற ஒரு வான் அவனை அடித்துப் போட்டது. தலையில் அடி. ஆள் மூச்சோடு இருந்தான், நினைவோடு இல்லை. வண்டியை என் முற்றத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். சைலன்சர் சப்பளிந்து, குழாய் வளைந்து கிடந்தது. நான் அதைப் படங்குத் துணியால் மூடிவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடிக்கு வெளியில் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவந்தேன்.

சில வாரங்கள் கழித்து அவள் முற்றத்துக்கு வந்தாள். தலை வாரி இழுக்கவில்லை. கண் உள்ளே போயிருந்தது.

"வண்டியைச் சரிபண்ணுங்கோ அண்ணை."

"மனுசன் கிடக்கிற கிடையிலை வண்டி என்னத்துக்குத் தங்கச்சி?"

ஆஸ்பத்திரியில் ஒரு தாதி சொல்லியிருக்கிறாள், அவருக்குப் பழகின சத்தங்களைக் காதருகில் போடுங்கள், சிலவேளை எழும்புவார் என்று. இவள் போடாத சத்தமில்லை. தன் குரல். ஊரில் இருந்து தாய் அழுத குரல். கோயில் மணி. இறைச்சிக் கறி தாளிக்கிற சத்தத்தைக்கூடத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். ஒன்றுக்கும் அசைவில்லை.

"திங்கக்கிழமை டொக்டர்மார் கூப்பிட்டிருக்கினம். இனி என்ன செய்யிறதெண்டு கதைக்கவாம். அவை கதைக்கிற விதத்திலை எனக்கு விளங்குது. அதுக்கு முந்தி அவர் ஒருக்கா அசையோணும் அண்ணை. ஒரு விரல் எண்டாலும்."

சரி என்றேன். அன்றைக்கே புதுச் சைலன்சருக்குச் சொல்லிவிட்டேன்.

புதுச் சைலன்சர் வந்தது. நட், கிளிப், றப்பர், கஸ்கட் எல்லாம் புதிதாகவே பெட்டியில் இருந்தன. அவள் பெட்டியைக் காலால் ஒதுக்கிவிட்டுப் பழைய சாமான்களைத் தன் சாறித் தலைப்பால் துடைத்துத் துடைத்து நீட்டினாள். புதுச் சைலன்சரை விட்டால் வேறு ஒன்றும் புதிதாக இருக்கக்கூடாது. பழைய நட்டுகளில் மரை நல்லாய் இருந்தது, போட்டேன். கிளிப்பையும் போட்டேன். றப்பரில் இன்னும் உயிர் இருந்தது. சூட்டுத் தகடு வளைந்துபோயிருந்ததைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினேன். கஸ்கட்டுக்கு வந்தபோது நான் மாட்டேன் என்றுவிட்டேன்.

"ஒருக்கா நசிஞ்சது நசிஞ்சதுதான். அதைத் திரும்பப் போடுறவன் மெக்கானிக் இல்லை."

புதுக் கஸ்கட்டைப் போட்டு ஸ்ரார்ட் பண்ணினேன். பஞ்சுபோல ஒரு சத்தம். எனக்கே என் கையை முத்தமிடலாம் போல இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இது வேறை ஆற்றையோ வண்டி."

கோபத்தில் சாவியை நிலத்தில் எறிந்தேன். "நாளைக்கு அவன் எழும்பி வந்து ஓடேக்கை புகை கசியோணுமோ? உன்ரை விசருக்கு நான் ஆட ஏலாது. இதைத்தான் செய்யலாம்," என்று கத்தினேன். மேல்மாடியில் ஒரு யன்னல் திறந்து ஒரு வெள்ளைக்கார மனிசி எட்டிப்பார்த்துவிட்டு மூடினாள். தையற்காரி எண்ணெய் ஊறின அந்த நிலத்திலேயே குந்தி இருந்துவிட்டாள். அத்தனை வாரமும் நான் அவள் அழக் காணவில்லை. அன்றைக்கு வாய்விட்டு அழுதாள்.

"அவருக்கு இப்ப கண் தெரியாது, ஆள் தெரியாது. காது ஒண்டுதான் மிச்சம் அண்ணை. அதுக்கும் பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

அழுகை ஓய்ந்தபிறகு, எனக்கில்லாமல் தனக்கே சொல்வதுபோல விமானநிலையக் கதையைச் சொன்னாள். ஊரை விட்டுப் போகும்போது அவன் ஈர்க்குக் குச்சி. இங்கே வந்து இறங்கினால், தலை வழுக்கையாய், வயிறு வைத்த ஓர் ஆள் கையில் குளிர்கோட்டோடு நிற்கிறார். அவள் அவனைத் தாண்டிப் போய்விட்டாள். அவனும் அவளைத் தேடிக்கொண்டுதான் நின்றிருக்கிறான். திரும்பிப் பார்த்தபோது அவன் கையில் புது மணிக்கூடு, ஆனால் வார் பழையது. அவன் ஊரில் இருந்து வெளிக்கிட்ட அன்று அறுந்ததை அவள் சிவப்பு நூலால் தைத்துக் கட்டிவிட்ட வார்.

"ஆளைத் தெரியேல்லை அண்ணை. வாரைத்தான் தெரிஞ்சுது. அந்த வார் இல்லாட்டி நான் ஆரோடை போயிருப்பன்?"

எறிந்த சாவியை எடுத்தேன். குழாயைக் கழற்றினேன். பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிப் போகிற ஒரே வாடிக்கை அவள்தான் என்பதால், அந்தக் கஸ்கட்டை ஒரு தகரப்பேணியில் போட்டு வைத்திருந்தேன். ஒரு பக்கம் கரி பிடித்துக் கறுத்திருந்தது. "பழைய குருடி, கதவைத் திறவடி," என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பப் பூட்டினேன். என் தொழிலில் தெரிந்துகொண்டே பிழையாகச் செய்த வேலை அது ஒன்றுதான். ஸ்ரார்ட் பண்ணி வேகத்தைக் குறைத்தேன். பொட், பொட்.

"ஓம்," என்றாள். "இது அவர்தான்."

சத்தத்தைப் பிடிப்பதும் இலேசாக இருக்கவில்லை. நின்ற இடத்தில் உறுமினால் போதாதாம். அவன் வருகிறமாதிரி மூலையில் திரும்பி, வேகம் குறைந்து, வீட்டுக்குக் கீழே வந்து நின்று, காலைத் தட்டி ஸ்ராண்ட் போடுகிற சத்தம்வரை வேண்டுமாம். அவள் யன்னலில் தொலைபேசியை நீட்டிக்கொண்டு நிற்க, நான் அந்தத் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இரண்டாம் இலக்க மெத்ரோ தலைக்குமேலே பாலத்தில் ஓடுகிறது. நான் திரும்பும்போதெல்லாம் ஒரு ரயில் வந்து எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட்டுப் போகும். "திரும்ப வாங்கோ அண்ணை!" என்று மேலிருந்து கத்துவாள். சனம் என்னை விசரன் என்று பார்த்தது. கடைசியில் ரயில் இல்லாத ஒரு நேரம் வாய்த்தது. அதற்குள்ளும் தெருவில் சிகரெட் விற்கிற பெடியள் கூவிவிட்டார்கள். இன்னொருமுறை ஓடுகிறேன் என்றேன். "வேண்டாம், அவர் வரேக்கையும் உவங்கள் கத்துறவங்கள்தானே," என்றாள்.

திங்கட்கிழமை பின்னேரம் முற்றத்தில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"கால்விரல் அசைஞ்சது அண்ணை. இடக்கால். கியர் மாத்திற கால்!"

டொக்டர்மார் அது தானாகத் துடித்ததாகவும் இருக்கலாம் என்றார்களாம். ஆனாலும் இன்னும் கொஞ்சக்காலம் பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். அவள் ஒவ்வொரு நாளும் போய் அதே சத்தத்தை அவன் காதில் போட்டாள். ஒருநாள் கண் திறந்தான். பிறகு சொல் வந்தது. பயிற்சிக்கென்று நகரத்துக்கு வெளியே வேறு இடத்துக்கு மாற்றினார்கள். நான் லா சப்பல் முழுக்கச் சொல்லித் திரிந்தேன், ஒரு செத்தல் கஸ்கட்டால் ஆளை எழுப்பின மெக்கானிக் நான்தான் என்று.

அவள்தான் என் பக்கம் வரவில்லை. தெருவில் கண்டாலும் தலையைக் குனிந்துகொண்டு போனாள். கறிவேப்பிலைபோலத் தூக்கி எறிந்துவிட்டாளே என்று எனக்குப் பெரிய மனத்தாங்கல். மனிசியிடம் சொல்லித் திட்டியும் இருக்கிறேன்.

வெயில் வந்த ஒருநாள், சக்கர நாற்காலியில் அவனைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் வந்தாள். அவன் மெலிந்திருந்தான். சேர்ட் புதிது, மேல் பொத்தான் மட்டும் வேறு நிறம். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அண்ணை! என்ன, திடீரெண்டு இப்பிடி நரைச்சுப் போனியள்?"

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஓடிப்போய்ப் படங்கை இழுத்து, வண்டியை ஸ்ரார்ட் பண்ணினேன். அவன் காதைக் கொடுத்துக் கேட்டான்.

"கஸ்கட் இன்னும் மாத்தேல்லையோ? எத்தினை தரம் சொன்னனான் அண்ணை. அவவுக்கு விசா கிடைக்கப் போகுது. எயாபோட்டுக்கு இந்தச் சத்தத்தோடை போகேலாது."

"ஆருக்கு விசா?" என்றேன்.

"என்ன அண்ணை, மறந்திட்டியளோ? ஊரிலை நிக்கிறா எல்லே, அவவுக்குத்தான்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் குனிந்து நாற்காலிச் சில்லின் பிறேக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்ட பிறேக்கையே திரும்பத் திரும்பப் போட்டாள். என்ஜினை நிற்பாட்டினேன்.

நான் தேத்தண்ணி எடுக்கப் பின்னால் போனபோது அவளும் வந்தாள். "இப்பிடித்தான் அண்ணை. நான் வரமுந்தி எங்கை நிண்டவரோ அங்கைதான் நிக்கிறார். ஊரிலை விட்டிட்டு வந்த அந்தப் பொம்பிளைப்பிள்ளைக்காகக் காத்துக்கொண்டு நிக்கிறார். நான்தான் அது எண்டு சொன்னன். பயந்துபோனார். பிறகு நான் சொல்லுறேல்லை," என்றாள். மணிக்கூட்டு வாரையும் காட்டினாளாம். இது என்ரை, உங்களிட்டை எப்படி வந்தது என்று கேட்டானாம். சொல்லிவிட்டு என் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை வாங்கினாள்.

முன்னால் வந்து அவள் அவனுக்குத் தேத்தண்ணியை ஆற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு அவன் மரியாதையாகக் கேட்டான்:

"உங்களுக்கு ஒவ்வொரு நாளும் கரைச்சல் தாறன். கேக்கக்கூடாதுதான். நீங்கள் ஆஸ்பத்திரி ஆளோ, இல்லை அண்ணையின்ரை சொந்தமோ?"

"நானோ?" என்றாள். "நான் இந்த வண்டியின்ரை பழைய சாமான். மாத்தேக்கை கழட்டாமல் விட்டிட்டினம்."

அவன் பகிடியென்று நினைத்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

"கஸ்கட்டை இப்பவே மாத்தலாமோ அண்ணை?" என்றான். நான் அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சாறித் தலைப்பால் வண்டியின் இருக்கையைத் துடைத்தாள்.

"மாத்தி விடுங்கோ அண்ணை," என்றாள். "அவ வரேக்கை வண்டி நல்லா இருக்கட்டும்."

சூடு ஆறும்வரை இருந்து, கழற்றி, இன்னும் நசியாத வேறொரு புதுக் கஸ்கட்டைப் போட்டேன். ஸ்ரார்ட் பண்ணினேன். பஞ்சுபோலச் சத்தம். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, "இப்பத்தான் சரி," என்றான். பழையது என் உள்ளங்கையில் இருந்தது. எப்போதும் பழசைத் தாங்கோ என்று கை நீட்டுகிறவள் அன்றைக்கு நீட்டவில்லை. அவன்தான் அதை என்னிடம் வாங்கி, இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தான்.

"இதை ஒருக்காக் குப்பைக்குள்ளை போட்டு விடுறியளோ?"

"ஓம், போட்டு விடுறன்," என்று சொல்லி, அவள் அதைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.